லண்டனில் முதல் சில வாரங்கள்: செப்டம்பரில் படிக்க வரும் மாணவருக்கு ஒரு பதில்

திருநெல்வேலியிலிருந்து செப்டம்பரில் லண்டனுக்கு ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு வரவிருக்கிறீர்கள். இதுவே உங்கள் முதல் விமானப் பயணம். அப்பா கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஈஸ்ட் ஹாமில் மாதம் 700 பவுண்டு வாடகைக்கு ஓர் அறை இருப்பதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பி, இரண்டு மாத அட்வான்ஸை இப்போதே அனுப்பினால்தான் அறையை நிறுத்தி வைப்பேன் என்கிறார். அனுப்பலாமா, வந்து இறங்கியதும் எதை முதலில் செய்ய வேண்டும், முதல் வாரத்திலேயே பகுதிநேர வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இந்த நகரத்தில் வசித்து, ஒவ்வொரு செப்டம்பரிலும் வந்து சேரும் நம் ஊர் மாணவர்களோடு பழகி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டின் வாடகைக் கட்டணச் சட்டப்படி, இந்த அளவு வாடகைக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52ஆல் வகுத்தால் வார வாடகை கிடைக்கும்; 700 பவுண்டு மாத வாடகைக்கு ஐந்து வாரத் தொகை ஏறக்குறைய 807 பவுண்டு. அவர் கேட்பது 1,400. அறையை உங்களுக்காக நிறுத்தி வைப்பதற்கென்று தனியாக வாங்கும் தொகையும் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டு உரிமையாளர் வேறிடத்தில் வசிப்பவர் என்றால், வாங்கிய டெபாசிட்டை அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் 30 நாட்களுக்குள் செலுத்தி, அதன் விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். உரிமையாளரும் அதே வீட்டில் குடியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நம்மவர்கள் பெரும்பாலும் எடுக்கும் அறைகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் அட்வான்ஸ் திரும்பி வருவது அந்த மனிதரின் நேர்மையை மட்டுமே பொறுத்தது. நேரில் பார்த்துப் பேசாத ஒருவரிடம் அந்த நம்பிக்கையை வைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

அறையைப் பார்க்கப் போகும்போது அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையையோ கழிப்பறையையோ பகிர்ந்துகொண்டு வாடகைக்கு வாழும் வீட்டுக்கு, கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலை அந்தந்தக் கவுன்சிலிடம் பார்த்துக்கொள்ளலாம். வாடகைக்கு விடும் முன் உங்கள் குடியேற்ற நிலையைச் சரிபார்ப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ரொக்கமாகக் கொடுத்தால் போதும் என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். உள்ளூரில் உங்களுக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லை என்பதைக் காட்டி ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2025இல் இயற்றப்பட்ட வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் தனியார் வாடகை ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்பதற்கு இடமில்லை.

அப்படியானால் வந்து இறங்கும் இரவில் எங்கே தங்குவது என்ற கேள்வி எழும். உங்கள் பல்கலைக்கழக விடுதியில் இன்னும் இடம் இருந்தால், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்வதே முதல் ஆண்டுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. இடம் இல்லையென்றால், இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் ஒரு தற்காலிக இடத்தைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் உள்ள இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. விடுதியையும் விசாரித்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து படிக்க வருபவர்களுக்காக, சேலத்தில் பிறந்த கே.டி. பால் அவர்களின் முயற்சியால் 1920இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இங்கு வந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் நான்கைந்து அறைகளை நேரில் பார்த்து, குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று சோதித்து, சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து கல்லூரிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை பயணம் செய்தும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எதை முதலில் செய்வது என்பதற்கு வருகிறேன். புதிதாக வருபவர்களை முதல் வாரங்களில் திணறடிப்பது நகரத்தின் பரப்பளவோ கூட்டமோ அல்ல. ஒரு காரியம் இன்னொரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். வங்கியில் கேட்டால் முகவரிக்குச் சான்று வேண்டும் என்பார்கள். வீடு கேட்டால் வங்கி விவரம் வேண்டும் என்பார்கள். வேலை கேட்டால் இரண்டும் வேண்டும் என்பார்கள். இந்தச் சுழலை அறுக்கும் ஒரே பொருள், பல்கலைக்கழகத்தில் நேரில் பதிவு செய்துகொண்டபின் கிடைக்கும் கடிதம். ஆகவே வந்த மறுநாளோ, உங்களுக்குப் பதிவு நேரம் ஒதுக்கப்பட்ட நாளிலோ, வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாமல் அதை முடித்துவிடுங்கள். நீங்கள் குறித்த தேதிக்குள் பதிவு செய்யாவிட்டால் அதை உள்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. பிறகு விசாவே சிக்கலாகிவிடும். பதிவின்போதே, வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கான கடிதம் ஒன்றும், முழுநேர மாணவர் என்பதற்கான சான்று ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது சான்று கவுன்சில் வரிக்கு வேண்டும். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வரி கிடையாது. மாணவர் அல்லாத ஒருவர் உடன் இருந்தாலும் அந்த வீட்டுக்கு வரி வரும், அது யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு முன் வந்த அண்ணன்மார், அக்காமார் அன்போடு சொல்லும் அறிவுரைகளில் சில இப்போது செல்லாது. வந்ததும் தபால் நிலையத்துக்குப் போய், பி.ஆர்.பி. என்னும் வசிப்பு அனுமதி அட்டையை வாங்க வேண்டும் என்பார்கள். அந்த அட்டை வழங்குவது 2024 அக்டோபர் இறுதியோடு நின்றுவிட்டது. காவல் துறையில் பதிய வேண்டும் என்பார்கள். அந்த நடைமுறை 2022இல் ரத்தாகிவிட்டது. இப்போது உங்கள் குடியேற்ற உரிமை முழுவதும் இ-விசா என்னும் இணையக் கணக்கில் இருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே அந்தக் கணக்கில் நுழைந்து, பெயர், பாஸ்போர்ட் எண், விசா முடியும் தேதி மூன்றும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். நம் பெயர்களில் இனிஷியலை விரித்து எழுதும்போது எழுத்து மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதை ஊரில் இருக்கும்போதே திருத்தக் கோருவது எளிது. யாராவது உங்கள் உரிமையைச் சரிபார்க்கக் கேட்டால் அந்தக் கணக்கிலிருந்து ஒரு ஷேர் கோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். அது 90 நாட்கள் செல்லும். வேலைக்கான கோடு டபிள்யூ என்ற எழுத்திலும், வாடகைக்கானது ஆர் என்ற எழுத்திலும், மற்றவை எஸ் என்ற எழுத்திலும் தொடங்கும். வீட்டுக்காரரிடம் வேலைக்கான ஷேர் கோடு ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், காசநோய்ச் சோதனைச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், நீங்கள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு. பெட்டியில் நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இறைச்சி ஊறுகாய் போன்றவற்றை வைக்க வேண்டாம். பாலிலும் இறைச்சியிலும் செய்த பொருட்களை இந்தியாவிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. கறிவேப்பிலைக்கும் அம்மா கவலைப்பட வேண்டியதில்லை. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த், டூட்டிங், வெம்ப்ளியின் ஈலிங் சாலை ஆகிய இடங்களில் நம் தமிழர் கடைகள், குறிப்பாக ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகள், நிறைய உண்டு. இட்லி அரிசி முதல் முருங்கைக்காய் வரை அங்கே கிடைக்கும். கனத்த குளிர் கோட்டையும் ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள். செப்டம்பரில் அது தேவைப்படாது. தேவைப்படும் காலத்தில் இங்கேயே, பழைய பொருட்களை விற்கும் அறக்கட்டளைக் கடைகளில்கூட, நல்ல கோட்டு குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஹீத்ரோவில் இறங்கினால் பிக்காடிலி வழித்தடத்தின் சுரங்க ரயில் நகரத்துக்குள் வரும் மலிவான வழி. எலிசபெத் வழித்தடம் விரைவானது, கட்டணம் கூடுதல். பேருந்துகளில் 2014 முதல் பணம் வாங்குவதில்லை; பயணத்துக்கென்று பணம் ஏற்றிவைக்கும் ஆய்ஸ்டர் அட்டையோ, வங்கியின் கான்டாக்ட்லெஸ் அட்டையோதான் வேண்டும். சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் போதும். ஒரு நாளில் எவ்வளவு பயணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் காலையில் அட்டையையும் மாலையில் அதே அட்டை ஏற்றப்பட்ட கைபேசியையும் காட்டினால், கணினி இரண்டையும் வெவ்வேறு ஆட்களாகக் கணக்கிடும், அந்த உச்சவரம்பு உங்களுக்குக் கிடைக்காது. மாணவர்களுக்கான ஆய்ஸ்டர் அட்டையில் 30 சதவீதத் தள்ளுபடி வார, மாதப் பயணச் சீட்டுகளுக்கு மட்டுமே உண்டு. அவ்வப்போது பயணம் செய்வோருக்கு, 16 முதல் 25 வயதினருக்கான ரயில் அட்டையை ஆய்ஸ்டரோடு இணைத்துக்கொண்டால் நெரிசல் இல்லாத நேரங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

உடல்நலத்துக்காக விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் நீங்கள் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். அது கட்டியதோடு நின்றுவிடக் கூடாது. குடியிருக்கும் பகுதியில் உள்ள ஜி.பி. என்னும் குடும்ப மருத்துவரிடம் முதல் வாரங்களிலேயே பதிந்துகொள்ளுங்கள். பதிவுக்கு முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயம் இல்லை. காய்ச்சல் வந்த பிறகு பதியலாம் என்று விடுபவர்கள்தான் நவம்பரில் அவதிப்படுகிறார்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999.

வேலை விஷயத்தில் பொறுமை வேண்டும். முதுகலை மாணவருக்குப் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் குறைந்தால் அடுத்த வாரத்தில் கூட்டிக்கொள்ள முடியாது. முதுகலைப் படிப்பில் கோடைக்காலம் பெரும்பாலும் ஆய்வேடு எழுதும் காலம் என்பதால் அதுவும் படிப்புக் காலமாகவே கருதப்படும். சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை. உணவு விநியோகச் செயலிகளில் வேலை செய்பவர்கள் சட்டப்படி சுயதொழில் செய்பவர்கள். ஆகவே இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து சைக்கிளில் உணவு கொண்டு செல்வது இரண்டு வகையில் குற்றம், பிடிபட்டால் படிப்பும் கடனும் நடுவில் நின்றுவிடும். 21 வயது நிறைந்தவருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு, அதற்குக் கீழே ரொக்கமாகத் தருகிறேன் என்பவர், அவர் தமிழரே ஆனாலும், உங்களைச் சுரண்டுகிறார். முதல் மாதம் வேலைக்கே போகாமல் சமாளிக்கும் அளவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு வாருங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. அந்த ஒரு மாதத்தில் படிப்பு எப்படி நடக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், பிறகு எந்த நேரத்தில் வேலை செய்யலாம் என்பது தானே தெரியும்.

படிப்பின் நடைமுறை நம் ஊரிலிருந்து பெரிதும் மாறுபட்டது. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அட்டவணையில் வாரத்துக்கு ஏழெட்டு மணி நேர வகுப்புகளே இருப்பதைப் பார்த்து, மிச்ச நேரமெல்லாம் ஓய்வு என்று எண்ணிவிடாதீர்கள். முதுகலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. மொத்தம் 1,800 மணி நேரம். வகுப்பறை அதில் சிறு பகுதி. மிச்சமெல்லாம் நூலகத்திலும் உங்கள் மேசையிலும் நீங்களே செய்ய வேண்டியது. மதிப்பெண்ணும் வேறு மாதிரி இருக்கும். இங்கே 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 அல்லது அதற்கு மேல் எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஊரில் தொண்ணூறு வாங்கிப் பழகியவர் முதல் கட்டுரைக்கு 62 வந்ததும் இடிந்துபோய் அம்மாவிடம் அழுகிறார். அது நல்ல மதிப்பெண். ஆசிரியர் எழுதியிருக்கும் குறிப்புகளை இரண்டு முறை படித்து, அவர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் போய் விளக்கம் கேட்டால், அடுத்த கட்டுரை முன்னேறும். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது முதலில் நாக்கில் வராது. அவர்கள் அதையே விரும்புகிறார்கள், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: பிறர் எழுதியதை மேற்கோள் குறி இல்லாமல், ஆதாரம் காட்டாமல் எடுத்து எழுதுவது, நம் கல்லூரிகளில் புராஜெக்ட் அறிக்கைக்குச் செய்வதுபோல, இங்கே படிப்பையே பறித்துவிடக் கூடிய குற்றம். மேற்கோள் காட்டும் முறைக்கு நூலகத்தில் நடக்கும் இலவச வகுப்பில் முதல் மாதமே உட்கார்ந்துவிடுங்கள்.

ஏமாற்றுப் பேர்வழிகள் புதிதாக வந்தவர்களைத்தான் தேடி வருவார்கள். உள்துறை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் விசாவில் பிழை, உடனே பணம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம் என்று அழைப்பு வரும். உண்மையான அதிகாரிகள் தொலைபேசியில் பணம் கேட்பதில்லை, இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடியில் நான் கட்டித் தருகிறேன் என்பவர் திருட்டு அட்டையில் கட்டுவார். பிறகு அந்தத் தொகை திரும்பப் பெறப்பட்டு, கட்டணமும் உங்கள் தலையில் விழும். உங்கள் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்து அனுப்பிவிட்டு ஒரு பங்கை வைத்துக்கொள் என்பவர் குற்றத்தில் வந்த பணத்தைக் கைமாற்றி வெள்ளையாக்கும் வேலையில் உங்களை இழுக்கிறார். அதற்கு 14 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

தனிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை நாலரை மணி நேரமாக இருந்த இந்திய நேர வித்தியாசம் ஐந்தரையாகும், மாலை ஐந்துக்கே இருட்டும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெயிலில் வளர்ந்த நம் உடலும் மனமும் இதற்குப் பழகவில்லை. இலையுதிர் காலத்திலிருந்து நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள, என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவ சேவை எல்லோருக்குமே பரிந்துரைக்கிறது. 1914 ஏப்ரல் 14 அன்று லண்டனில் வந்து இறங்கிய கணிதமேதை இராமானுஜன், சில நாட்கள் குரோம்வெல் சாலையில் தங்கிவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே அவர் இரவெல்லாம் குளிரில் நடுங்கி, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுப்பதை அறிந்த மகலனோபிஸ் (பின்னாளில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர், அப்போது அங்கே மாணவர்), படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு இறுக்கிச் செருகப்பட்டு, மேலே விரிப்பு போடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது, அவர் கம்பளிகளின் மேலேயே படுத்து வந்தார். அவ்வளவு பெரிய அறிவாளிக்கும் ஒருவர் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த நகரத்து மக்கள் தாமாக வந்து பேச மாட்டார்கள். ஆனால் நீங்கள் போய்க் கேட்டால் நின்று, பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். ஆகவே ஹீட்டரை எப்படி இயக்குவது, எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, வகுப்பில் ஆசிரியர் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று எதையும் கேட்கத் தயங்காதீர்கள். விடுதியில் தாளிப்பதற்கு முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள். கடுகும் மிளகாயும் வெடிக்கும் புகையில் தீ எச்சரிக்கை மணி அடித்தால், நள்ளிரவானாலும் கட்டடத்தில் உள்ள அத்தனை பேரும் தெருவுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறந்து, மேலே உள்ள விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேனர் பார்க் முருகன் கோவிலுக்கோ, ஹைகேட் முருகன் கோவிலுக்கோ, உங்களுக்கு ஏற்ற தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போய் நாலு தமிழ்க் குரல்களைக் கேட்பது நல்லது. ஆனால் வாரம் முழுவதும் நம்மவர்களோடு மட்டுமே இருந்துவிட்டால், இவ்வளவு செலவு செய்து வந்த நகரத்தை அறியாமலே ஓராண்டு ஓடிவிடும். பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் ஏதாவது ஒரு குழுவில், அது நடைப்பயணக் குழுவாக இருந்தாலும் சரி, முதல் வாரத்திலேயே சேர்ந்துவிடுங்கள். எல்லோரும் புதியவர்களாக இருப்பது அந்த வாரத்தில்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதன் நகலை மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்தில் காட்டினால் இலவசமாகப் படித்துப் பார்த்துச் சொல்வார்கள். விசா தொடர்பான கேள்விகளுக்குப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தை மட்டும் நம்புங்கள். உரிய அங்கீகாரம் இல்லாதவர்கள் குடியேற்ற ஆலோசனை வழங்குவது இங்கே சட்ட விரோதம். உடல்நிலை சரியில்லாமல் வகுப்புக்குப் போக முடியாவிட்டால் அன்றே உங்கள் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் உங்கள் வருகைப் பதிவும் விசாவோடு பிணைந்தது. இப்போதைக்கு, அந்த வாட்ஸ்அப் நபருக்கு, நேரில் வந்து பார்த்த பிறகே பணம் தருவேன் என்று எழுதிவிட்டு, உங்கள் பல்கலைக்கழகத்தின் விடுதி அலுவலகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.